பெரியாஸ்பத்திரி இருக்கும் ஊரில் மருத்துவக் காப்புறுதி எடுப்பது எப்படி?

"பெரியாஸ்பத்திரியில எல்லாம் சும்மாதானே பாக்கினம், பிறகேன் காப்புறுதி?" யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி. பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மாரடைப்புக்கோ சத்திரசிகிச்சைக்கோ யாரும் பில் நீட்டுவதில்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மந்திகையிலும் சாவகச்சேரியிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. இந்தியாவில் இருக்கும் சிநேகிதர் சொல்லும் காப்புறுதிக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தினால் பிழையாகிவிடும்.

ஆனால் இலவச வைத்தியத்தைச் சுற்றியும் காசு போகிறது. எங்கே போகிறது என்று முதலில் பார்த்து, அந்த ஓட்டைக்கு அளவான பொலிசியை எடுக்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். தெரிந்த முகவர் ஒருவர் வீட்டுக்கு வருவார், தேத்தண்ணி குடிப்பார், ஊர்ப் புதினம் கதைப்பார், முகம் முறிக்க முடியாமல் கையெழுத்து வைத்துவிடுவோம். என் முதலாவது பொலிசியை நானும் அப்படித்தான் எடுத்தேன்.

முதலில் ஒரு கொப்பியும் பேனையும்

கடந்த 3 வருடங்களில் வருத்தம் துன்பம் என்று வீட்டில் செலவான காசை நினைவுக்கு வந்தவரை எழுதுங்கள். டொக்டரைச் சனல் பண்ணிய (தனியாராகப் பதிந்து பார்த்த) காசு, வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனை, ஸ்கான், ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லாமல் பாமஸியில் வாங்கிய மருந்து, கொழும்புக்குப் போன வான் காசு, அங்கே தங்கிய அறை, கூடப்போனவரின் சாப்பாடு, கடையைப் பூட்டியதாலோ சம்பளமில்லாத லீவாலோ போன வருமானம்.

எங்கள் வீட்டுக் கணக்கை எழுதியபோது ஆஸ்பத்திரி பில் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. சனலிங்கும் பரிசோதனையும் மருந்தும் பாதிக்கு மேல் தின்றிருந்தன. மிச்சம் கொழும்புப் பயணம். இதைக் கவனியுங்கள், ஏனென்றால் தனியாட்களுக்கு விற்கப்படும் பொலிசிகளில் அனேகமானவை வாட்டில் மறித்தால், அதாவது அனுமதித்துத் தங்கவைத்தால், மட்டுமே காசு தருபவை. கிளினிக் செலவு, மாதாந்த பிரஷர் குளிசை, சனலிங் எல்லாம் வெளிநோயாளர் செலவு. அதைச் சில நிறுவனங்கள் தனியாகச் சேர்த்துத் தரும், ஆனால் கூட்டிக் கழித்தால் கட்டும் தொகையும் திரும்பக் கிடைக்கக்கூடிய தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். என் அபிப்பிராயம், அந்தச் செலவுக்குக் காப்புறுதி தேடாதீர்கள். வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து மாதாமாதம் போட்டுவாருங்கள்.

காப்புறுதிக்கு ஒப்படைக்க வேண்டியது வேறு. ஒரே தடவையில் வீட்டைச் சாய்க்கக்கூடிய செலவுகள் அவை: வரிசையில் காத்திருக்க முடியாமல் கொழும்பில் தனியாரிடம் செய்யும் இருதயச் சத்திரசிகிச்சை, உழைக்கிறவர் 6 மாதம் படுத்துவிடும் நோய், நீண்ட புற்றுநோய் வைத்தியம்.

ஏற்கெனவே கையில் இருப்பதைப் பாருங்கள்

அரச ஊழியர் என்றால் உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதித் திட்டத்துக்கு ஒரு கழிவு இருக்கும். ஆசிரியர்களில் எத்தனையோ பேர் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டு ஒரு தடவையும் கோராமல் இருக்கிறார்கள். கலியாணமான பிறகு கணவன் அல்லது மனைவியைப் பதிந்தீர்களா, பிள்ளை பிறந்ததும் சேர்த்தீர்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மேலதிகமாகக் கட்டி வெள்ளி, தங்கம் என்ற உயர் படிகளுக்கும் மாறலாம். வெளியில் ஒரு பொலிசி எடுப்பதைவிட இது அனேகமாக மலிவு. ஓய்வூதியர்களுக்கும் அக்ரஹார உண்டு.

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுரக்ஷா என்ற காப்புறுதி இருக்கிறது. இடையில் நின்றுபோய் மறுபடி தொடங்கிய திட்டம் என்பதால் இப்போது எதெதற்குக் காசு தருகிறார்கள் என்று அதிபர் அலுவலகத்தில் கேட்பது நல்லது.

தனியார் கம்பனியிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை என்றால் குழுக் காப்புறுதி இருக்கலாம். அது நல்லதுதான், ஆனால் வேலை போகிற அன்று அதுவும் போகும். திட்ட அடிப்படையில் வருட ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் எங்களிடம் நிறையப் பேர். திட்டம் முடியும்போது வயது 47, சீனி வருத்தமும் வந்துவிட்டது என்றால், அப்போது புதிதாக எடுக்கப் போனால் தரமாட்டார்கள், தந்தாலும் விலை கொதிக்கும். அதனால் வேலையிடக் காப்பு இருக்கும்போதே சிறிதாக ஒன்றைச் சொந்தப் பெயரில் தொடங்கிவைப்பது புத்தி.

இது காப்புறுதி இல்லை, என்றாலும் தெரிந்திருக்கட்டும். பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவி செய்கிறது. அதற்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

என்னென்ன விற்கிறார்கள்

பெயர்கள் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை சில வகைதான்.

ஒன்று, செலவை மீளத் தருவது. பில்லைக் காட்டினால் எல்லைக்குள் காசு வரும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இது. இன்னொன்று நாள் காசு. வாட்டில் இருந்த ஒவ்வொரு இரவுக்கும் இவ்வளவு என்று தருவார்கள், பில் தேவையில்லை. மூன்றாவது பாரிய நோய்க் காப்பு. பட்டியலில் உள்ள புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற ஒன்று உறுதியானதும் முழுத் தொகையும் ஒரே தடவையில் வரும். சத்திரசிகிச்சைக்கு ஏற்ப தொகை தரும் பட்டியல் முறையும் உண்டு.

கொழும்பில் இருப்பவர் முதலாவது வகைக்குத்தான் முதலிடம் கொடுப்பார். நவலோக, ஆசிரி, டேர்டன்ஸ் எல்லாம் அவருக்கு முச்சக்கர வண்டித் தூரம். எங்களுக்குக் கதை வேறு. இரவு 2 மணிக்கு நெஞ்சு நோகிறது என்று 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் பக்கத்து அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும், அப்படித்தான் கொண்டுபோகவும் வேண்டும். டெங்கு என்றாலும் அதே கதிதான். 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் பரவியபோதும் சனம் போய் மறிபட்டது அரச வாட்டுகளில்தான். அங்கே பில் இல்லை. பில்லுக்கு மட்டும் காசு தருகிற பொலிசி அந்த நேரத்தில் அலுமாரியில் தூங்கும்.

அதனால் யாழ்ப்பாணத்தில் இருப்பவர் முகவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: "அரச ஆஸ்பத்திரியில் இருந்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு?" பல பொலிசிகள் அதற்கென்று தனித் தொகை வைத்திருக்கின்றன, சிலதில் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தருவதைவிடக் கூடுதலாகக்கூட. எத்தனையாவது நாளிலிருந்து தருவார்கள், வருடத்துக்கு எத்தனை நாள், அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரட்டிப்பா என்பதையும் கூடவே கேளுங்கள். நாள் கூலிக்குப் போகிறவருக்கும் சிறு கடை வைத்திருப்பவருக்கும் இந்த நாள் காசுதான் உண்மையில் அடுப்பெரிய வைப்பது.

என்னைக் கேட்டால், எங்கள் பக்கத்துச் சராசரிக் குடும்பத்துக்கு நாள் காசும் பாரிய நோய்க் காப்பும் அடித்தளம். வசதி இருந்தால் அதற்கு மேல் செலவை மீளத் தரும் பொலிசி.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மருத்துவக் காப்பு பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியோடு ஒட்டுக் காப்பாகத்தான் விற்கப்படுகிறது. மாதம் 10,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் எவ்வளவு ஆயுளுக்கு, எவ்வளவு சேமிப்புக்கு, எவ்வளவு வருத்தத்துக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். "20 வருசத்தால இவ்வளவு லட்சம் கையில வரும்" என்ற பேச்சு தொடங்கினால் அது வேறு வியாபாரம். ஒட்டுக் காப்பில் தாய்ப் பொலிசி காலாவதியானால் மருத்துவக் காப்பும் அதோடு போய்விடும். பொதுக் காப்புறுதி நிறுவனங்கள் விற்கும் வருடாந்தப் பொலிசிகளில் இந்தப் பிணைப்பு இல்லை. ஆனால் அடுத்த வருடம் புதுப்பிக்க மறுக்கலாமா, கோரிக்கை வைத்தால் விலையைக் கூட்டுவார்களா என்று அங்கே கேட்க வேண்டும்.

தனியாளுக்கா, குடும்பத்துக்கா

குடும்பப் பொலிசி ஒரே பானைச் சோறு. 10 லட்சம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து 10 லட்சம். மார்கழியில் தகப்பன் 8 லட்சத்தை எடுத்துவிட்டால் புதுப்பிக்கும் வரை மற்றவர்களுக்கு 2 லட்சம்தான். இளம் குடும்பத்துக்கு இது பிழையில்லை, ஒரே வருடத்தில் இருவருக்குப் பெரிய வருத்தம் வருவது அரிது. ஒருவருக்கு மட்டும் வயது கூட, அல்லது ஏற்கெனவே வருத்தம் இருக்கிறது என்றால் அவரைத் தனியாக எடுத்து மற்றவர்களைக் குடும்பப் பொலிசியில் போட்டுப் பாருங்கள். இரண்டு விலையையும் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அம்மா அப்பாவை "குடும்பம்" என்ற சொல்லுக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் சேர்ப்பதில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் 68 வயதில் தாய்க்குப் பொலிசி எடுக்கச் சொல்லி இங்கே அலையவிடுவார்கள். புதிதாகச் சேரும் வயது பெரும்பாலும் 60 அல்லது 65 உடன் பூட்டப்பட்டுவிடும். அதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் மாதாமாதம் அனுப்பும் காசில் ஒரு பகுதியை நிலையான வைப்பில் போட்டு, வைத்தியத்துக்கு மட்டும் என்று ஒதுக்குவதுதான் நடக்கிற காரியம். பெற்றோர் சூப்பர் விசாவில் கனடா போவதற்குக் கேட்கும் காப்புறுதி வேறு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு தொகைக்கு

ஊகிக்க வேண்டாம். கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகள் இரண்டுக்கு அழைத்து, இருதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைக்க, பித்தப்பை எடுக்க எவ்வளவு வரும் என்று கேளுங்கள். உத்தேசக் கணக்குச் சொல்வார்கள். அதோடு பயணமும் தங்குமிடமும் கூட்டுங்கள். இரவு பஸ்ஸில் ஏறி 400 கிலோமீற்றர் போகும் நோயாளிக்குத் துணையாக ஒருவரும் போயே ஆக வேண்டும்.

2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அதற்கு முன் 3 லட்சத்துக்குக் காப்பு எடுத்தவர்களின் பத்திரத்தில் இன்றும் 3 லட்சம் என்றுதான் இருக்கிறது, அதற்குக் கிடைக்கும் வைத்தியம்தான் சுருங்கிவிட்டது. மறுபடி மருத்துவப் பரிசோதனை இல்லாமல் தொகையைக் கூட்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். 70 வயது வரைக்கும் கட்டணம் எப்படி ஏறும் என்ற அட்டவணையையும் எழுத்தில் வாங்குங்கள். காப்பு எந்த வயதில் நின்றுவிடும் என்பது அதில்தான் தெரியும். 65 இல் நிற்கிற மருத்துவக் காப்பு, மழை தொடங்கியதும் மடங்குகிற குடை.

படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

என் மாமா ஒருவருக்குச் சீனி வருத்தம். பொலிசி எடுக்கும்போது அதை மறைக்காமல் சொன்னார். முகவர், "அண்ணை, அதை எழுதினா இழுபடும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி, ஆங்கிலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று புள்ளடி போட்டு, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். 3 வருடம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு கொழும்பில் பைபாஸ். வாட்டில் சேர்க்கும்போது டொக்டர் கேட்ட கேள்விக்கு "சீனி ஒரு எட்டு வருசமா இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் (நோய் விபரம் எழுதிய அட்டை) "டி.எம். 8 வருடம்", அதாவது சீனி 8 வருடம், என்று எழுதியிருந்தது. நிறுவனம் அந்த ஒற்றை வரியைப் படிவத்தோடு ஒப்பிட்டுக் கோரிக்கையை நிராகரித்தது. மாமா பொய் சொல்லவில்லை. அவர் கையெழுத்து வைத்த கடுதாசி சொன்னது. அந்த முகவர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

காப்புறுதி ஒப்பந்தம் சட்டப்படி உச்ச நம்பிக்கையின் மேல் நிற்பது. தெரிந்ததை மறைத்தால் நிறுவனம் பின்வாங்கலாம். ஆகவே சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், பழைய சத்திரசிகிச்சை, ஆஸ்துமா, புகைத்தல், கிளினிக் கொப்பியில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். அதற்காகக் கட்டணத்தைக் கூட்டலாம், அல்லது அந்த வருத்தத்தை மட்டும் விலக்கலாம். விலக்கு எழுத்தில் இருந்தால் மிச்சத்துக்காவது காப்பு நிச்சயம்.

தமிழ்ப் படிவம் கேளுங்கள். அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கிய மானிப்பாய் இங்கேதான் இருக்கிறது. சீனி இருக்கிறதா இல்லையா என்பதைத் தமிழில் கேட்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழில் கிடைக்கவில்லை என்றால் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்றை வைத்து வரிக்கு வரி வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள். நிரப்பிய படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலும் கவனம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பம் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து. பொலிசியில் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் பதியும்போதும் அதே பெயரைக் கொடுங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும்

முதற்பக்கத்தின் பெரிய தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். விலக்குகள் பகுதியைத் தேடி வாசியுங்கள். பொதுவாக விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காப்பு இராது. ஹேர்னியா, கண்புரை, மூலம் போன்றவற்றுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டியிருக்கும். பிரசவத்துக்குக் காப்பு இருந்தாலும் காத்திருப்புக் காலம் உண்டு, வயிற்றில் பிள்ளை வந்த பிறகு எடுத்துப் பிரயோசனமில்லை. அறை வாடகைக்கு நாள் எல்லை இருக்கிறதா, 10 லட்சம் என்பது வருடத்துக்கா ஒரு தடவைக்கா, ஒவ்வொரு பில்லிலும் எத்தனை வீதம் உங்கள் கையால் போகும் என்றும் பாருங்கள். கைதடிச் சித்த வைத்தியசாலைக்கோ முறிவு நெரிவு வைத்தியரிடமோ போகிற பழக்கம் உள்ளவர்கள், அதற்குக் காசு தருவார்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பதில் "இல்லை" என்பதுதான்.

காசு கட்டாமலே சிகிச்சை என்று விளம்பரம் இருந்தால் அந்த ஆஸ்பத்திரிகளின் பட்டியலை வாங்குங்கள். அதில் யாழ்ப்பாணத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் வெள்ளி இரவு 10 மணிக்கும் அனுமதி கிடைக்குமா? இல்லையென்றால் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும், காசு பிறகு வரும்.

பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். ஆயுள் காப்புறுதியோடு வரும் பொலிசிகளுக்குப் பெரும்பாலும் 21 நாள் அவகாசம் உண்டு, அந்த நாட்கணக்கு பத்திரத்திலேயே இருக்கும். மாதக் கட்டணத்தை முகவரின் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கட்டுங்கள். நிறுவனம் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று ஆணைக்குழுவின் பட்டியலில் பார்க்கலாம்.

வாட்டில் மறித்தால்

அன்றே, அல்லது அடுத்த நாளாவது, நிறுவனத்தின் இலக்கத்துக்கு அழைத்து அறிவியுங்கள். அறிவிக்கவும் ஆவணம் கொடுக்கவும் காலக்கெடு உண்டு, எங்கள் சனம் அதிகம் தவறவிடுவது அதைத்தான்.

துண்டு வெட்டும்போது டயக்னோசிஸ் கார்ட்டை அங்கேயே நின்று வாசியுங்கள். பெயர், சேர்ந்த திகதி, வெளியேறிய திகதி, வருத்தத்தின் பெயர், கட்டில் சீட்டு இலக்கம் சரியா? பிழை இருந்தால் வாட்டை விட்டு இறங்குவதற்கு முன் திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு திகதியைத் திருத்த மூன்று நாள் நடக்க வேண்டிவரும். அரச ஆஸ்பத்திரியில் நாள் காசு கோருவதற்கு இந்தக் கார்ட்தான் உங்கள் பில்.

தனியார் என்றால் பிரித்து எழுதிய பில், பற்றுச்சீட்டு, மருந்துத் துண்டு, பரிசோதனை அறிக்கை எல்லாவற்றின் மூலப் பிரதியும் வேண்டும். கொடுப்பதற்கு முன் நகல் எடுங்கள். அக்ரஹாரவும் சொந்தப் பொலிசியும் இருந்தால் மூலப் பில் ஒன்றுக்குத்தான் போகும். முதலாவது இடம் எவ்வளவு தந்தது என்ற கடிதத்தோடு மீதியை மற்றதில் கேட்க வேண்டும். நாள் காசுக்கும் பாரிய நோய்க்கும் பொதுவாக அந்தக் கட்டுப்பாடு இல்லை, இரண்டு பொலிசி இருந்தால் இரண்டிலும் கேட்கலாம்.

மறுத்தால் வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்று கடிதத்தில் கேளுங்கள், நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம்.

இன்னுமொன்று. பொலிசி இருக்கிறது என்பது எடுத்தவருக்கு மட்டும் தெரிந்திருந்து, அவரே நினைவில்லாமல் கட்டிலில் கிடந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பத்திரத்தின் நகலை அம்மாவின் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் போட்டு, நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்தைப் பையின் வெளியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்தப் பையை யாரும் மறப்பதில்லை.